டி.டி.டி.க்கு அடங்காத கோஸ் புழு கொசுவலைக்கு அடங்கும்!

போளூர் —

ஜவ்வாது மலை அடிவாரத்தில் மழை ஓய்ந்து பனி இறங்கும் காலம், வீட்டுத் தோட்டத்தில் முட்டைகோஸ் வைக்க நல்ல காலம். மலைக்காய் என்று பெயர் எடுத்தாலும், கார்த்திகை, மார்கழிக் குளிரில் கீழ்நாட்டிலும் கோஸ் உருளும். ஆனால் வைத்தவர்கள் வாயில் வருவது ஒரே புலம்பல்: "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு! இன்னிக்குப் பார்த்தா இலையெல்லாம் சல்லடை!"

யார் இந்தத் திருடன்?

பெயர் வைரமுதுகு அந்துப்பூச்சி. அரை அங்குலம்கூட இல்லாத சாம்பல் நிறப் பூச்சி. இறக்கையை மடக்கினால் முதுகில் வைரம் பதித்தாற்போல் தெரியும். பகலில் பதுங்கி, அந்தி சாய்ந்ததும் கிளம்பி இலையில் முட்டையிடும். பொரித்து வரும் பச்சைப்புழு இலையை அரிக்கும். தொட்டால் துள்ளி, நூல்விட்டு இறங்கித் தப்பும்!

மருந்தை ஜெயித்த புழு

"மருந்து அடிச்சா தீர்ந்துச்சு" என்கிறீர்களா? அங்கேதான் சங்கடம். 1953-ல் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் டி.டி.டி.யையே இந்தப் புழு எதிர்த்து நின்றது. 1968-ல் நம் நாட்டில் பஞ்சாபிலும் டி.டி.டி., பாரத்தியான் இரண்டையும் தாங்கி நின்றது. மருந்து மாற மாற, புழுவும் தேறிக்கொண்டது. மிச்ச விஷம் வந்து சேரும் இடம் நம் வீட்டுக் கூட்டும் பொரியலும்தான்!

ஆப்பிரிக்கா காட்டிய வழி

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் கோஸ் பாத்திகளைக் கொசுவலையால் மூடிச் சோதித்தார்கள். 2006-ல் வெளியான முடிவு: புழு வெகுவாகக் குறைந்தது!

கோஸுக்கு வலை பொருந்தக் காரணம் உண்டு. பூசணி, வெள்ளரி மாதிரி பூத்து, தேனீ வந்து காய்க்கிற பயிர் இல்லை இது. இலை உருண்டையைத்தான் அறுக்கிறோம். கடைசிவரை மூடியிருந்தாலும் நஷ்டமில்லை.

எப்படிப் போடுவது?

* மூங்கில் பிளாச்சை வளைத்து நட்டு, மேலே வெள்ளை வலையைப் போர்த்துங்கள். இலை வலையில் படக்கூடாது. பட்டால் வெளியிலிருந்தே முட்டையிட்டுவிடும்.
* ஓரத்தை மண் போட்டு மூடுங்கள்.
* மருந்து தோய்த்த கொசுவலை வேண்டாம். பச்சை நிழல்வலையும் வேண்டாம். வெயில் குறைந்தால் கோஸ் கெட்டியாக உருளாது.
* வெயில் ஏறினால் பகலில் தூக்கிவிட்டு, பொழுது சாயுமுன் மூடிவிடலாம்.
* அசுவினி வலைக்குள்ளும் நுழையும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

வயலில் போடுவோருக்கு, 25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு விதைக்கச் சொல்கிறார்கள் தோட்டக்கலை நிபுணர்கள். பூச்சி கடுகுக்குப் போய்விடும்.

ஒரே எச்சரிக்கை

புழு விழுந்த பிறகு வலை போட்டால், திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதைதான்! புழுவைத் தின்ன வரும் குருவியும் குளவியும் வெளியே நின்றுவிடும். நாற்றின் இலையடியைத் திருப்பிப் பார்த்து, முட்டை, புழு இருந்தால் நசுக்கிவிட்டு நடுங்கள். நட்ட அன்றே வலையைப் போடுங்கள். மாடியில் பத்துத் தொட்டி வைத்தவருக்கும் இதே கணக்குத்தான். நாற்று வாங்கும் நாளிலேயே வலையையும் வாங்கி வந்துவிடுங்கள்!