குடல் சத்திரசிகிச்சையின் பின் வரும் காய்ச்சல்



ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவோர் தமக்குத் தரப்பட்ட துண்டை வாசித்துச் சொல்லுமாறு பாடசாலைக்குக் கொண்டுவருவது எங்கள் ஊவாத் தோட்டப்புறங்களில் இன்றும் உள்ள வழக்கம். நான் கலை பயின்றவன், வைத்தியனல்லேன். எனினும், பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி என்னைப் படிக்கத் தூண்டியது. "கட்டியைத்தான் வெட்டி எடுத்துவிட்டார்களே ஐயா, இனிக் காயம் கொஞ்சம் சீழ் வைத்தால் என்ன?" என்றார் அவர்.

பெருங்குடல் நம் உடலில் கிருமிகள் மிகச் செறிந்து வாழும் இடம். ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி கிருமிகள் உள்ளன. குடலுக்குள் அடங்கியிருக்கும்வரை அவற்றால் பெரிதும் தீங்கில்லை. நோயுற்ற பகுதியை நீக்கி, எஞ்சிய இரு முனைகளையும் பொருத்தித் தைக்கும்போதே அபாயம் தோன்றுகிறது. கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜோசப் லிஸ்டர் 1867இல் கார்போலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கும் முறையை வெளியிட்டார். இன்றோ, கத்தி வைக்குமுன்பே கிருமிகொல்லி மருந்து ஏற்றப்படுகிறது. அப்படியிருந்தும் தொற்று அடியோடு ஒழிந்துவிடவில்லை.

தொற்றுகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. தோலின் மேற்காயம் சீழ்பிடித்தால் பெரும்பாலும் ஆறிவிடும். உள்ளே தைத்த பொருத்துக் கசிந்து, மலம் வயிற்றறைக்குள் பரவுவதே கொடியது. அது பெரும்பாலும் முதல் வாரத்தில் நிகழும். சிலருக்கு வீடு திரும்பிய பின்னரும் நிகழ்வதுண்டு.

இத்தகைய கசிவுக்கு ஆளாகிப் பிழைத்தவர்களைப் பல நாட்டு வைத்தியர்கள் ஆண்டுக்கணக்காகக் கவனித்து வந்துள்ளனர். மலக்குடற் புற்றுநோயில், கசிவு கண்டவர்களுக்கு நோய் அதே இடத்தில் மீளுதல் கூடுதலாகவும், நெடுநாள் வாழ்வோர் தொகை குறைவாகவும் காணப்பட்டன. பெருங்குடலின் ஏனைய பகுதிகளில் இத்தொடர்பு அத்துணைத் தெளிவாயில்லை. காரணங்களுள் ஒன்று எளிதில் விளங்குவது: சத்திரசிகிச்சையின் பின் புற்றுக்கெதிரான மருந்து ஏற்றவேண்டியவர்களுக்கு அதனை எட்டு வாரங்களுக்குள் தொடங்குவது நன்று. தொற்றினால் நலிந்த உடல் அம்மருந்தைத் தாங்காது, நாட்கள் கடந்துவிடும். தொற்றினால் உண்டாகும் அழற்சி, எஞ்சிய புற்றணுக்கள் வளர இடங்கொடுக்கலாம் என்றும் கருதுகின்றனர்.

ஆகவே அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது இதுதான். காய்ச்சல், நடுக்கம், கூடிவரும் வயிற்றுவலி, வயிறு ஊதுதல், வாந்தி, படபடப்பு, காயத்தில் நாற்றம் அல்லது நீர்க்கசிவு ஆகியவற்றுள் எதுவாயினும் அன்றே புறப்பட வேண்டும். பனடோல் விழுங்கிக் காய்ச்சலை அமர்த்திவிட்டு, சம்பள நாள் வரட்டும் என்று லயத்தில் படுத்திருத்தல் ஆகாது. காயத்தில் மஞ்சளும் எண்ணெயும் அப்புதலும் வேண்டாம். புகைப்பவர் அதனை விட்டேயாகவேண்டும். புகை காயம் ஆறுவதைத் தடுக்கும்.

மடூல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இரவில் வருவது இலேசான காரியமன்று என்பதை நான் அறிவேன். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். புறப்படும்போது அந்தத் துண்டை மறவாமல் கையிலெடுத்துச் செல்லுங்கள். எந்தக் குடல் எவ்விடத்தில் தைக்கப்பட்டதென்பது அதில்தான் இருக்கிறது.