அப்துல் காதரின் பெயரில் ஓர் அமெரிக்க ஊர்

அப்துல் காதர் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. ஊரிலும் கடைவீதியிலும் சிறு வயது முதல் கேட்டுப் பழகிய பெயர். ஆயினும், அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், சோளக் கொல்லைகள் நிறைந்த அயோவா மாநிலத்தில், அப்பெயர் பூண்ட சிற்றூர் ஒன்று உள்ளது என்பதை அன்பர்களுள் பலர் அறிந்திரார். ‘எல்கேடர்’ என்பது அவ்வூர். கிளேட்டன் மாவட்டத்தின் தலைமையிடமான அங்கே வசிப்போர் சுமார் 1,200 பேரே. ஊரின் நடுவே டர்க்கி ஆறு ஓடுகிறது. அதன்மேல் 1889-ஆம் ஆண்டில் கட்டிய கற்பாலம் இன்றும் நிற்கிறது.

1846-ஆம் ஆண்டில் டிமதி டேவிஸ், ஜான் தாம்சன், செஸ்டர் சேஜ் என்னும் மூவர் இவ்வூரை நிறுவினர். புது நிலத்தில் குடியேறுவோர் தாம் விட்டுவந்த ஊரின் பெயரையோ தம் தலைவர் பெயரையோ சூட்டுவது வழக்கம். இவர்களோ கடல் கடந்த ஒருவரின் பெயரைத் தேர்ந்தனர். அல்ஜீரியாவைக் கைப்பற்ற வந்த பிரெஞ்சுப் படையை 1832 முதல் எதிர்த்து நின்ற அமீர் அப்துல் காதரே அவர். அவருடைய போராட்டம் அந்நாளில் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் பேசப்பட்டது. அயலாட்சியை எதிர்த்து விடுதலை பெற்ற மக்களுக்கு அவர்மேல் மதிப்பு உண்டானது இயல்பே. அரபு மொழியில் ‘அப்து’ என்றால் அடியான்; ‘காதிர்’ என்றால் ஆற்றலுடைய இறைவன். நாம் ‘காதர்’ என்று சுருக்கி அழைப்பதுபோல், அவர்களும் பெயரின் பிற்பகுதியை மட்டும் கொண்டனர்.

ஊர் தோன்றிய மறு ஆண்டே, 1847-இல், அமீர் சரணடைந்தார். கீழை நாட்டிற்கு அனுப்புவதாகத் தந்த வாக்கை மீறி, பிரான்ஸில் அவரை 1852 வரை சிறை வைத்தனர். விடுதலையான பின் டமாஸ்கஸில் குடியேறினார். 1860-இல் அங்கே கலகம் மூண்டு கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, பல்லாயிரவரைத் தம் ஆட்களைக் கொண்டு மீட்டு, அடைக்கலம் தந்து காத்தார். 1883-இல் காலமான அவர், தம் பெயர் தாங்கிய ஊரைக் கண்டதே இல்லை.

பெயரோடு உறவு முடிந்துவிடவில்லை. 1984-இல் எல்கேடரும், அமீர் பிறந்த வட்டாரத்திலுள்ள மஸ்காரா நகரமும் சகோதர நகரங்களாயின. 2008-ஆம் ஆண்டு டர்க்கி ஆறு பெருக்கெடுத்து எல்கேடரை மூழ்கடித்தபோது, அல்ஜீரிய அரசு 1,50,000 டாலர் நிதி அளித்தது.

ரயில்வேயில் சரக்கு ரசீதுகளைப் பார்க்கும் எனக்கு, ஊர்ப்பெயர் என்பது இதுகாறும் மூட்டை போய்ச் சேரும் இடமாகவே இருந்தது. நாமும் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களே. நாம் குடியிருக்கும் ஊருக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று குழந்தைகள் கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்? இம்மாதமேனும் பக்கத்து வீட்டுப் பெரியவரை அணுகிக் கேட்டறிவோம். இவ்வூர் நம் பிள்ளைகளின் சொந்த ஊரும் ஆயிற்றே!