உங்களுக்குத் தெரியுமா? – கொடி மாற்றிய ஊர்கள்

2004இல் அமெரிக்காவின் 150 நகரக் கொடிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். போட்டது வட அமெரிக்கக் கொடியியல் சங்கம். (ஆமாம், கொடிகளை ஆராய ஓர் இயல் இருக்கிறது, அதற்கு ஒரு சங்கமும் இருக்கிறது.) கடைசி இடம் ஐடஹோ மாநிலத்தின் போகடெல்லோவுக்கு. வாங்கிய மதிப்பெண் 1.48. வெள்ளைத் துணியில் 'போகடெல்லோக்காரர் என்பதில் பெருமை' என்ற பொருளில் ஒரு வாசகம், அதோடு வணிகக் குறி, பதிப்புரிமை அறிவிப்பு எல்லாம் இருந்தன. ஊரை விளம்பரப்படுத்தப் போட்ட சின்னத்தை அப்படியே துணியில் ஏற்றிவிட்டார்கள். பறக்கிற துணியில் பதிப்புரிமை அறிவிப்பை யார் நின்று படிப்பது?

★

அதே பட்டியலில் முதலிடம் தலைநகர் வாஷிங்டனுக்கு. வெள்ளையில் இரண்டு சிவப்புப் பட்டை, மேலே மூன்று சிவப்பு நட்சத்திரம். அவ்வளவுதான். ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பச் சின்னத்திலிருந்து எடுத்தது. 1938இல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

★

சிகாகோ 1915இலேயே கொடிக்காக ஒரு குழு அமைத்து, பொதுமக்களுக்குப் போட்டி அறிவித்தது. விதிகளை எழுதிக் கொடுத்தவர் வாலஸ் ரைஸ். ஆயிரத்துக்கும் மேல் வரைபடங்கள் குவிந்தன. கடைசியில் தேர்வானது யாருடையது? வாலஸ் ரைஸுடையதேதான்! இன்றைக்கு நடந்திருந்தால் வழக்கு, விசாரணை என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கொடியைப் பார்த்தால் கோபம் வராது. மூன்று வெள்ளைப் பட்டைகள் நகரின் வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகள். நடுவில் ஓடும் இரண்டு வெளிர்நீலப் பட்டைகள் நீர்வழிகள். 1917இல் ஏற்றியபோது சிவப்பு நட்சத்திரம் இரண்டே இரண்டு: ஒன்று 1871இல் ஊரை எரித்த பெருந்தீக்கு, மற்றது 1893 உலகக் கண்காட்சிக்கு. 1933இல் ஒன்றும் 1939இல் ஒன்றும் சேர்ந்து இப்போது நான்கு. தேசியக் கொடியில் ஐந்துமுனை நட்சத்திரம் மாநிலங்களுக்கு உரியது என்பதால், ரைஸ் தன் நட்சத்திரத்துக்கு ஆறு முனை வைத்தார். அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள்.

★

டென்வர் நகரக் கொடியை வரைந்தவர் மார்கரெட் ஓவர்பெக் என்ற பள்ளி மாணவி. 1926இல் ஏற்றது இன்றும் பறக்கிறது. நீல வானம், மஞ்சள் சூரியன், பனிமலைக்கு வெள்ளையில் ஒரு கோணல்மாணல் கோடு, கீழே சிவப்பு மண்.

★

ஒரு சின்னச் சோதனை. காகிதத்தில் ஒன்றரை அங்குல நீளம், ஓர் அங்குல உயரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். அதைக் கண்ணிலிருந்து 15 அங்குலத்தில் பிடித்துப் பாருங்கள். நூறடி தள்ளி நிற்கும் கம்பத்தில் சாதாரண அளவுக் கொடி ஏறத்தாழ இந்த அளவில்தான் தெரியும். உங்கள் வரைபடம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கினால் கொடி, அடங்காவிட்டால் சுவரொட்டி. கொடியியலாளர் டெட் கே சொல்லும் யோசனை இது. குழந்தையால் நினைவிலிருந்து வரைய முடிய வேண்டும், இரண்டு மூன்று நிறம் போதும், எழுத்தும் முத்திரையும் கூடாது என்பவையும் அவர் தொகுத்த விதிகளில் உண்டு.

★

மில்வாக்கியின் 1954ஆம் ஆண்டுக் கொடி இந்தச் சோதனையில் தேறவே தேறாது. போட்டிக்கு வந்த பல படங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாக்கினார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கலாம், படம் வரையக் கூடாது போலும். பல்சக்கரம், கப்பல், தேவாலயம், விளையாட்டரங்கம், பீர் வடிக்கும் ஊர் என்பதற்கு வாற்கோதுமைக் கதிர் என்று ஒரே கதம்பம். போதாக்குறைக்குக் கொடிக்குள்ளேயே இன்னொரு கொடி! 2016இல் குடிமக்களே ஒரு போட்டி நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்களிலிருந்து ஐந்தைப் பொறுக்கி, மக்களிடமே மதிப்பெண் கேட்டார்கள். வென்றதன் பெயர் 'ஏரிமேல் சூரியோதயம்'. வெள்ளைச் சூரியன் பாதி மேலே, பாதி தண்ணீரில். வெளிர்நீலக் கோடுகள் ஊரின் மூன்று ஆறுகள். பீருக்கு மரியாதையாகப் பொன்னிறம் மட்டும் மிஞ்சியது. மாநகராட்சி அதைக் கையோடு அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. அதற்காக ஊர் காத்திருக்கவும் இல்லை. வீட்டு வாசலிலும் டி-ஷர்ட்டிலும் அது தானாகவே ஏறிவிட்டது.

★

போர்ட்லண்டில் ஓவியர் பொறுமை காத்தார். டக்ளஸ் லின்ச் வரைந்தது பச்சைத் துணியில் நீலம், மஞ்சள், வெள்ளைக் கோடுகள் கூடும் ஒரு நட்சத்திரம். இரண்டு ஆறுகள் சேரும் ஊர் அது. 1969இல் நகரமன்றம், 'நம் முத்திரை இல்லாமலா?' என்று ஒரு மூலையில் முத்திரையைச் சொருகியது. 2002இல்தான் அது நீங்கியது. ஒரு வட்டத்தை அகற்ற 33 ஆண்டு!

★

நகரமல்ல, நாடு, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. 2015இல் நியூசிலாந்து தேசியக் கொடியை மாற்ற வரைபடம் கேட்டபோது வந்தவை 10,292. கண்ணிலிருந்து லேசர் பாய்ச்சும் கிவிப் பறவையும் அதில் ஒன்று. 2016 மார்ச்சில் இறுதி வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பழைய கொடியே போதும் என்றுவிட்டார்கள்.

★

சரி, போகடெல்லோ என்ன ஆயிற்று? 2015இல் வானொலிக்காரர் ரோமன் மார்ஸ் நகரக் கொடிகளைப் பற்றி ஆற்றிய 'டெட்' உரையால் அந்த ஊரின் மானம் உலகம் முழுக்கக் கப்பலேறியது. மறு ஆண்டே நகராட்சி குழு அமைத்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. 2017இல் புதுக் கொடி ஏறியது: கருநீலத்தில் மூன்று சிவப்புச் சிகரம், ஒரு திசைகாட்டி, போர்ட்நஃப் ஆற்றுக்கு ஒரு நீலக்கோடு. எழுத்து ஒன்றுகூட இல்லை. 2015க்குப் பின் புதிதாக வந்த 312 கொடிகளுக்கு அதே சங்கம் 2022இல் மறுபடியும் மதிப்பெண் போட்டது. முதலிடம் துல்சாவுக்கு. போகடெல்லோவுக்குப் பதினொன்றாவது இடம்.