கட்டாய சிகிச்சை கைகொடுக்குமா?

தில்லியில் ரயில்வே தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து வருஷங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டரும் அல்ல, வக்கீலும் அல்ல. ஆனாலும் ஒரு விஷயத்தை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, பெயரில்லாமல் எழுதுகிறேன்.

2019-ல் எங்கள் காலனித் தமிழ்க் குடும்பம் ஒன்றில், இருபத்து மூன்று வயதுப் பையன் ஹெராயின் பழக்கத்தில் விழுந்திருந்தான். இங்கே அதை ‘ஸ்மாக்’ என்பார்கள். வீட்டில் வெள்ளிச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெளியே தெரிந்தால் தங்கையின் கல்யாணம் என்னாகும் என்று தாயாருக்குக் கவலை. யாரோ சொன்னதன் பேரில், ஒரு நாள் விடியற்காலையில் தனியார் மையம் ஒன்றின் வேன் வந்தது. நான்கு பேர் அவனைத் தூக்கினார்கள். “மாமா, நீங்களாவது சொல்லுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கையை விடுவித்துக்கொண்டு வேன் கதவைச் சாத்தியவன் நான்தான். நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்துத் திரும்பியவன், அங்கு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஒரே ஹாலில் நாற்பது பேர். எப்போதும் பூட்டிய கதவு. டாக்டரைக் கண்ணால் பார்க்கவில்லை. திடீரென்று நிறுத்தினால் வரும் உடம்பு வலி, வாந்தி, பேதி, தூக்கமின்மை அனைத்தையும் மருந்தில்லாமல் தாங்க வேண்டும். கத்தினால் அடி. வீட்டோடு போனில் பேசும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பார். “அங்கே நான் கத்துக்கிட்டது பொய் சொல்றது ஒண்ணுதான் மாமா” என்றான்.

ஒரே வாரத்தில், பழைய அளவிலேயே மறுபடி எடுத்து மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். சில மாதம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது, அதனால் வெளியே வந்த முதல் சில வாரங்களே உயிருக்கு ஆபத்தானவை என்று டாக்டர் விளக்கினார்.

“நீயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?” என்று கேட்டேன். “பேர் எழுதினா போலீஸ் வரும்னு பயம்” என்றான். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, ஹெராயின் உட்கொள்வதே குற்றம். ஓராண்டு வரை சிறை. ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தால், அரசு அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கு ரத்தாகலாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். முதல் தடவை 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சங்கிலியால் கட்டுவதற்கு அடியோடு தடை. இதில் ஒன்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

பின்னர் அவன் அரசு மையமொன்றில் ப்யூப்ரெனார்ஃபின் மருந்து எடுத்துக்கொண்டான். அதிலும் சிரமம் உண்டு. தினமும் நேரில் போய், ஊழியர் எதிரிலேயே மாத்திரையை நாக்கடியில் வைக்க வேண்டும். இதனால் முதல் வேலை போயிற்று. நடுவில் இரண்டு முறை சறுக்கினான். ஆனால் அங்கே யாரும் கதவைப் பூட்டவில்லை. மறுநாள் தானே போனான். இப்போது ஒரு கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

தண்டவாளத்தை வெறும் பலத்தால் நேராக்கிப் பூட்டினால், கோடையில் மறுபடி வளைந்துவிடும். உள்ளே இருக்கும் அழுத்தத்தை முதலில் நீக்க வேண்டும். என் தொழிலில் தெரிந்த இந்தப் பாடத்தை அன்று நான் மறந்துவிட்டேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் இப்படியொரு நிலை வந்தால் வேனைக் கூப்பிடாதீர்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த மையமானாலும் பதிவு உண்டா, டாக்டர் தினமும் வருகிறாரா, பிள்ளையோடு தனியாகப் பேச விடுவார்களா என்று கேளுங்கள். முதலில் பிள்ளையையே உட்காரவைத்துக் கேளுங்கள். அன்று நாங்கள் யாரும் அவனைக் கேட்கவில்லை.