பழைய மோட்டரும் வீட்டு மின்சாரமும்

குறிகட்டுவான் துறையிற் படகேறியே நயினாதீவை அடைதல் வேண்டும். யந்திரம் ஒன்றின் உதிரிப்பாகம் தேவைப்படின் கடல் கடந்து யாழ்ப்பாணம் வரை செல்ல நேரும். ஆதலால், பழுதான பொருளைத் தீவு மக்கள் எளிதில் எறிந்துவிடுவதில்லை. பழைய லொறியொன்றின் கண்ணாடி துடைக்கும் மோட்டர் கிடைத்தால், அதனாற் சாணைக்கல் ஒன்றைச் சுழற்றலாமே என இளைஞர் எண்ணுவர். எண்ணம் நன்றே. ஆனால், அதனைச் சுவர்ப் பிளக்கில் இணைக்குமுன் அறிய வேண்டியவை சில உள.

வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். அது செக்கனுக்கு நூறு முறை திசை மாறுவது. வாகன மோட்டருக்கு வேண்டியதோ 12 அல்லது 24 வோல்ற்று நேரோட்டம். அதன் உட்புறத்தே நிலைக்காந்தம் இருப்பின், ஆடலோட்டம் ஒரு கணம் முன்னும் மறுகணம் பின்னுமாக அதனைத் தள்ளும். மோட்டர் சுழலாது நடுங்கும். கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். மா அரைக்கும் மிக்சியின் மோட்டர் இத்தகையதன்று. அதில் காந்தத்தை உண்டாக்குவதும் சுருளே. இரு சுருள்களிலும் ஓட்டம் ஒருங்கே திசை மாறுவதால் சுழற்சி மாறுவதில்லை.

வாகன மோட்டரை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட வழி யாது? முதலில், நிலைமாற்றியினால் 230 வோல்ற்றை 12 ஆகக் குறைத்தல் வேண்டும். அடுத்து, நான்கு இருவாயிகள் கொண்ட சீராக்கியினால் ஓட்டத்தை ஒரே திசைப்படுத்தல் வேண்டும். மோட்டர் 3 அம்பியர் கொள்வதாயின் அதன் வலு 36 வாற்று. நிலைமாற்றி 60 வாற்றுக்குக் குறையாததாக இருத்தல் நன்று. இரு பக்கத்திலும் உருகி அவசியம்.

நிலைமாற்றியின் செலவைத் தவிர்க்கச் சிலர் சீராக்கியை மட்டும் நேரே இணைப்பர். வேறு சிலர் மின்குமிழொன்றைத் தொடரிற் சேர்ப்பர். மோட்டர் ஓடவுங் கூடும். எனினும், 230 வோல்ற்று ஆடலோட்டத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற்றாகும். பல வாகன மோட்டர்களில் இரும்பு உடலே ஒரு முனை. அதனைத் தொடுபவர் வீட்டு மின்சாரத்தையே தொடுகின்றார். நிலைமாற்றி வோல்ற்றைக் குறைப்பதோடு அமையாது. அதன் இரு சுருள்களும் தனித்தனியாயின், மோட்டரை வீட்டுக் கம்பியினின்றும் பிரித்தும் வைக்கின்றது. உயிரைக் காப்பது அப்பிரிவே. பெரிய மருத்துவமனைக்குக் கடல் கடந்தே செல்லவேண்டிய ஊரில் இதனை இருமுறை எண்ணுதல் தகும்.

இதனினும் எளிய வழியொன்றுண்டு. சூரியத் தகட்டால் மின்னேற்றப்படும் 12 வோல்ற்று மின்கலத்தில் 12 வோல்ற்று மோட்டரை உருகியொன்றுடன் நேரே இணைக்கலாம். தீவுக்கும் இவ்வழி புதிதன்று. நீண்ட காலம் டீசல் பிறப்பாக்கிகளை நம்பியிருந்த நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின் வழங்க, இந்திய நன்கொடையுடனான ஒப்பந்தம் 2024 மார்ச்சிற் கைச்சாத்தாயிற்று. சூரியத் தகடு தருவது நேரோட்டமே. அதனை ஆடலோட்டமாக்கி வீட்டுக்கு அனுப்புவர். பழைய மோட்டருக்காக வீட்டில் மீண்டும் அதனை நேரோட்டமாக்குவதிலும், வெயில் தருவதை அவ்வாறே கொள்வது சிக்கனம், ஆபத்தும் குறைவு.

எறியப்பட்ட மோட்டருக்கு மறுவாழ்வு அளிப்பது கைத்திறன். அதனை ஓட்டுபவரின் வாழ்வைக் காப்பது அறிவு. இரண்டும் ஒருங்கே அமைதல் வேண்டும்.