இலையுதிர்ந்த மாதங்களுக்கு ஒரு செடி

தேவாரம் ஊரில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்கு மார்கழி ஒரு கவலையே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அப்போதும் மண்ணில் இருக்கும். சோதனை தை கழிந்த பிறகுதான். மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டங்களை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை முகட்டிலேயே தன் கனத்தை இறக்கிவிடுவதால், போடி தொடங்கித் தேவாரம், கோம்பை வரை இந்தப்பக்கத்து அடிவாரம் மழைமறைவில் கிடக்கிறது. மாசி பிறந்ததிலிருந்து கோடை மழை இறங்கும்வரை இலை என்பதே செடிக்குச் சுமை. இலையையும் பூவையும் மட்டும் கணக்கில் வைத்துப் போட்ட தோட்டம் அந்த மாதங்களில் வெறிச்சோடிக் கிடக்கும். இல்லையென்றால் ஆழ்துளைக் கிணற்றைக் குடித்தே உயிர்வாழும். அந்த மாதங்களுக்கென்றே தண்டின் அழகைப் பார்த்துச் செடி தேர வேண்டும், அதில் முதலிடம் நம் பச்சைக்கிளுவைக்கு என்பதே இந்த வாரத்து வாதம்.

தண்டுக்காகச் செடி வளர்ப்பது குளிர்நாடுகளில் நன்றாக முதிர்ந்த கலை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஆங்கிள்ஸி அபே மாளிகையில் குளிர்காலத்துக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே பார்வையாளர்கள் கூடி நின்று பார்ப்பது வெள்ளைவெளேரென்று நிற்கும் இமயமலைப் பூர்ஜ மரங்களை. ஏடாக உரித்து நம் முன்னோர் எழுதிய அதே பட்டைதான் அது. டாக்வுட் என்ற புதர்ச்செடியோ இலை கொட்டியதும் ரத்தச் சிவப்பில் குச்சிகளை நீட்டுகிறது. இளங்குச்சிக்குத்தான் அந்த நிறம் தூக்கலாக ஏறும் என்பதால், குளிர்காலம் முடிந்து துளிர்க்கும் முன் அதைத் தரையோடு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். இந்தச் செடிகளைத் தேவாரத்துக்குக் கொண்டுவர முடியாது, வேண்டியதும் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய கேள்வியை: இலையில்லாத காலத்தில் இந்தச் செடி எதைக் காட்டும்?

பச்சைக்கிளுவை காட்டுவதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அடிமரத்தில் பட்டை மெல்லிய காகிதச் சுருள்களாக உரிந்து தொங்கும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் பிரிந்து வரும். அடியில் வழவழப்பான, கண்ணைப் பறிக்கும் பச்சை. கொய்யா மரத்திலும் பட்டை உரியும், ஆனால் இந்தப் பச்சை அதற்கு வராது. இது வெறும் ஒப்பனையும் அல்ல. பட்டைக்கு அடியில் இருப்பது இலையில் உள்ள அதே பச்சையம். மேல்தோல் ஒளி புகும் அளவுக்கு மெல்லியதாக இருப்பதால் தண்டே கொஞ்சம் உணவு தயாரிக்கிறது. மரம் தன் சுவாசத்தில் வெளிவிடும் கரியமில வாயுவையே உள்ளுக்குள் மறுபடி பிடித்துக்கொள்வதால், இலைத்துளைகளைத் திறந்து நீரை இழக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. வறட்சியைத் தாங்கும் ஏற்பாடே இங்கே அழகாகவும் இருக்கிறது. கோடையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றும் எந்தக் குரோட்டனுக்கும் இந்தப் பொருத்தம் கிடையாது.

“அது காட்டுவேலிச் செடியாயிற்றே, வாசலில் வைப்பதா?” என்று கேட்பார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களின் உயிர்வேலி இதன் உறவான முள்கிளுவை. அந்தப் பழக்கத்தில்தான் கிளுவை என்றாலே வேலி என்று மனம் போகிறது. வேலியில் நெருக்கி நட்டு, ஆள் உயரத்தில் கழித்துக்கொண்டே இருந்தால் எந்த மரத்தின் தண்டும் கண்ணில் படாது. பச்சைக்கிளுவைக்கு முள் இல்லை. தனியாக நட்டு, கீழ்க்கிளைகளை மட்டும் நீக்கி, பின்னால் வெள்ளைச் சுவரோ கரும்பாறையோ இருக்கும்படி விட்டால் அதுவே வேறு மரமாகத் தெரியும். இங்கே டாக்வுட்டின் கத்தி உதவாது. அங்கே இளங்குச்சிக்கு அழகு, இங்கே வயதான அடிமரத்துக்கு அழகு. ஆண்டுதோறும் மொட்டையடித்தால் காகிதப் பட்டையைப் பார்க்கவே முடியாது. பொறுத்திருக்க வேண்டும் என்பது இதன் உண்மையான குறை, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இன்னொரு தடை, பட்ட மரம் போல ஒன்று வீட்டு முன் நிற்கலாமா என்ற மனத்தாங்கல். இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் கோயில் பிராகாரங்களில் ஈழத்தலரி மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கிறது, யாரும் அதைப் பட்டுப்போனதாக நினைப்பதில்லை. சொட்டுநீர் போட்டு எப்போதும் பச்சையாகவே வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்குப் பதில் தண்ணீரில் இருக்கிறது. சித்திரையில் தென்னைக்கும் திராட்சைக்கும் போதாத நிலத்தடி நீரை அலங்காரச் செடிக்கு இறைப்பதை இந்தப் பள்ளத்தாக்கில் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. திருகுகள்ளியும் தண்டழகுள்ள செடிதான், நீரும் கேட்காது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நடுவதற்கு நாற்றங்கால் தேட வேண்டாம், கிளுவை போத்தில் வரும். இலையில்லாத காலத்திலேயே கட்டைவிரலைவிடத் தடித்த கிளையை வெட்டி, வெட்டுவாய் காயும்படி சில நாள் நிழலில் போட்டுவைத்து, கோடை மழைக்கு முன் ஊன்றினால் போதும். நீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது, அடி அழுகிவிடும். போத்துக்காக மலையேறிவிடாதீர்கள், காப்புக்காட்டில் கிளை வெட்டுவது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். கிளுவை வளர்க்கும் தோட்டக்காரர் கிளை கழிக்கும்போது கேட்டால் கொடுப்பார்.