ஓட்டிசமும் வகுப்பறையும்: ஒரே பிள்ளை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடப்பது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாயும் தந்தையும் தமது நான்கு வயது மகனுடன் எமது மருத்துவ நிலையத்திற்கு வந்தார்கள். தந்தையின் கையில் பார்னஹாகேயில் (பாலர் பாடசாலை) கொடுத்த கடிதம் இருந்தது. பிள்ளை மற்றப் பிள்ளைகளுடன் சேர்வதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, காதைப் பொத்திக்கொண்டு மூலையில் இருக்கிறான், ஒருமுறை இன்னொரு பிள்ளையைக் கடித்தும் விட்டான் என்று அதில் எழுதியிருந்தது.

"டொக்டர், வீட்டில இவனால ஒரு கரைச்சலும் இல்லை. அம்மம்மாவோட இருந்து கார் அடுக்கி விளையாடுவான். அவையளுக்கு எங்கட பிள்ளையைப் பிடிக்கேல்லைப் போல" என்றார் தந்தை. தாய் ஒன்றும் பேசவில்லை. (குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியே எழுதுகிறோம்.)

யார் சொல்வது சரி? இரு பகுதியினரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். மற்றவர்களைப் பார்ப்பது, கேட்பது, சேர்ந்து விளையாடுவது ஆகியவற்றைச் சமூக நடத்தை என்கிறோம். ஓட்டிசம் உள்ள பிள்ளையில் இது, இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறும். இதை விளங்கிக்கொண்டால், பார்னஹாகேயோடு முரண்படும் நேரத்தைப் பிள்ளைக்கு உதவும் நேரமாக மாற்றலாம்.

ஓட்டிசம் என்பது என்ன?

ஓட்டிசம் (மதியிறுக்கம்) மூளை வளர்ச்சியில் ஏற்படும் ஒரு வேறுபாடு. லியோ கன்னர் என்ற மருத்துவர் 1943இல் இதனை விரிவாக எழுதினார். மற்றவர்களோடு தொடர்பாடுவதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சிறு மாற்றத்தையும் தாங்க முடியாமை என்பன முக்கிய அடையாளங்கள். ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு மிஞ்சியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதையும் 2013இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தனது வரையறையில் சேர்த்துக்கொண்டது. தாயின் வளர்ப்பினாலோ தடுப்பூசியினாலோ கண்ணூறினாலோ இது வருவதில்லை.

அறை என்ன செய்கிறது?

வீட்டில் நான்கு பேர். அதே குரல்கள், அதே கதிரை, அதே கோப்பை. பிள்ளை கேட்க முன்னமே அம்மா தண்ணீர் கொடுத்துவிடுவார். அதனால் அவன் கேட்கத் தேவையில்லை, அவன் கேட்பதில்லை என்பது எமக்குத் தெரிவதுமில்லை.

பார்னஹாகேயில் நிலைமை வேறு. 2018 ஓகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, மூன்று வயதுக்கு மேற்பட்ட ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஊழியர் இருக்கவேண்டும். ஒரு பிரிவில் 18 பிள்ளைகள் என்றால் மூன்று பெரியவர்கள். மாரிகாலத்தில் வெளியே போகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். உடுப்பு மாற்றும் சிறிய அறையில் 18 பிள்ளைகள், ஈரக் கையுறைகள், தடித்த பனியுடுப்புகள், சப்பாத்துகள், அழுகை, சிரிப்பு, "கெதியாக, கெதியாக" என்ற அவசரம். எமக்கே தலை சுற்றும். ஒலியையும் தொடுகையையும் பன்மடங்காக உணரும் பிள்ளைக்கு அது தாங்க முடியாத இடம். அங்கேதான் அவன் கடிக்கிறான். அவன் கடித்தது வெறுப்பினால் அல்ல, "என்னால் முடியவில்லை" என்று சொல்லத் தெரியாததனால்.

அதே பிள்ளைக்கு மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக அமைதியாக உடுப்புப் போட்டுவிட்டால் அந்தக் கடி நின்றுவிடக்கூடும். அடுத்தது என்ன என்று காட்டும் படங்களைச் சுவரில் ஒட்டுதல், கூட்டம் குறைந்த ஒரு மூலை, இரண்டு மூன்று பிள்ளைகளுடன் சிறு குழுவாக விளையாடுதல் ஆகியனவும் உதவும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷொப்ளர் என்பவர் 1970களில் வளர்த்தெடுத்த முறை, இப்படி இடத்தையும் நேரத்தையும் பிள்ளை கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்ளும்படி ஒழுங்குபடுத்துவதுதான்.

நோர்வேயில் நடந்த ஓர் ஆய்வு

அனெத் காலே, லார்ஸ் ஸ்மித், ஐலி ஸ்பொன்ஹைம் ஆகிய நோர்வே ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 29 மாதம் முதல் 60 மாதம் வரையான வயதுடைய, ஓட்டிசம் உள்ள 61 பிள்ளைகள் அதில் பங்குபற்றினார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வழமையான பார்னஹாகே நாளுடன், எட்டு வாரங்கள் மேலதிகப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் அல்ல, பார்னஹாகே ஆசிரியர்களே. தினமும் சிறிது நேரம் பிள்ளையோடு தனியாக இருந்து, "இணைந்த கவனம்" என்ற திறனைப் பழக்கினார்கள். ஒரு பொருளைச் சுட்டிக் காட்டி, "நீங்களும் இதைப் பாருங்கள்" என்பதுபோல மற்றவர் முகத்தைப் பார்ப்பதே இணைந்த கவனம். பேச்சும் நட்பும் வளர்வதற்கு இது ஓர் அத்திவாரம்.

பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஆசிரியரோடு இருக்கும்போது தாமாகவே கூடுதலாகக் காட்டவும் பகிரவும் தொடங்கினார்கள். தாயோடு விளையாடும்போதும் ஒரே பொருளில் இருவரும் சேர்ந்து ஈடுபடும் நேரம் நீண்டது. எல்லா அளவீடுகளிலும் மாற்றம் ஏற்படவில்லை, இது மந்திரமும் அல்ல. ஆனால் சாதாரண பார்னஹாகேயில், அங்குள்ள ஆசிரியரால் பழக்கப்பட்ட ஒன்று வீட்டில் தாயின் மடி வரை வந்து சேர்ந்தது என்பது பெற்றோராகிய உங்களுக்கு முக்கியமான செய்தி.

சக பிள்ளைகளின் பங்கு

அதே 2012இல் கொனி கசாரி என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் பாடசாலை வயதுப் பிள்ளைகள் 60 பேரை ஆராய்ந்தது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுப்பதைவிட, அதே வகுப்பின் சக பிள்ளைகளுக்கு "தனித்து நிற்பவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது" என்று பழக்கியபோது, விளையாட்டிடத்தில் பிள்ளை தனித்து நிற்பது குறைந்தது. நண்பர் என்று அவரைக் குறிப்பிட்டவர்களும் கூடினார்கள்.

இதில் எமது தமிழ்ப் பாடசாலைகளுக்கும் விழாக்களுக்கும் பாடம் உண்டு. ஒலிபெருக்கி அலறும் மண்டபத்தில் காதைப் பொத்தி அழும் பிள்ளையைப் பார்த்து "வளர்ப்புச் சரியில்லை" என்று முணுமுணுக்கும் நாமும் அந்தப் பிள்ளையின் வகுப்பறையின் ஒரு பகுதிதான்.

எதிர்மாறாகவும் நடக்கும்

சில பிள்ளைகள் வகுப்பில் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு வீட்டு வாசலில் வெடித்து அழுவார்கள். பெண்பிள்ளைகளில் ஓட்டிசம் பிந்தியே கண்டறியப்படுவது வழமை. "அமைதியான பிள்ளை" என்று ஆசிரியர் பாராட்டினாலும், அவள் இடைவேளையில் யாரோடு நிற்கிறாள் என்று கேளுங்கள்.

தமிழை விடவேண்டுமா?

"இரண்டு மொழி குழப்பும், நோர்வேஜிய மொழி மட்டும் பேசுங்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. இருமொழிச் சூழல் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. தமிழை நிறுத்தினால் அம்மம்மாவோடு அவனுக்கிருக்கும் தொடர்பும் அறுந்துபோகும். உங்கள் மனதுக்கு நெருக்கமான மொழியில் பேசுங்கள்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. பார்னஹாகேயிலோ வகுப்பிலோ அரை நாள் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை பேர் இருக்கும்போது பிள்ளை குழம்புகிறான் என்று எழுதி வையுங்கள்.

2. வீட்டில் அவன் நன்றாக விளையாடுவதைச் சிறு காணொளியாக எடுத்துக் கூட்டத்தில் காட்டுங்கள். "வீட்டில் இவனுக்கு எது உதவுகிறது" என்பது ஆசிரியருக்குத் தேவையான தகவல்.

3. பேபேதே எனப்படும் கல்வி உளவியல் சேவையைப் பெற்றோர் நேரடியாகவும் தொடர்புகொள்ளலாம். பாடசாலைக்கு முந்திய வயதில் விசேட கல்வி உதவி பெற நோயறிதல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேவை இருப்பதே போதுமானது.

4. குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். பிள்ளையைச் சிறப்பு மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவது எமது வேலை. 2 வயதிலும் 4 வயதிலும் நடக்கும் சுகாதார நிலையப் பரிசோதனைகளில் உங்கள் சந்தேகத்தை மறைக்காதீர்கள்.

5. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தேவையான இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அரச சேவைகளின் கடமை.

6. பல சேவைகள் ஒன்றாகத் தேவைப்படும் குடும்பங்களுக்குப் பிள்ளை ஒருங்கிணைப்பாளர் ஒருவரைப் பெறும் உரிமை 2022 ஓகஸ்ட் முதல் உண்டு. உங்கள் நகரப் பிரிவில் கேளுங்கள்.

7. பிள்ளை ஆறு வயதில் பாடசாலைக்குப் போகுமுன், புதிய வகுப்பறையை வெறுமையாக இருக்கும்போதே ஓரிரு தடவை கூட்டிச் சென்று காட்டுங்கள்.

ஒரு தவறும் ஒரு காரும்

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. எமது தொழிலின் தொடக்க காலத்தில், இதேபோல ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவந்த தாயிடம், "வயது வர எல்லாம் சரிவரும்" என்று சொல்லி அனுப்பினோம். எமது அறையில் அவள் அமைதியாக இருந்தாள். கதவு சாத்திய அந்த அறையில் அவளைக் குழப்ப எதுவும் இருக்கவில்லை என்று அன்று எமக்குத் தோன்றவில்லை. அதனால் அவளுக்கு ஒன்றரை ஆண்டு உதவி கிடைக்காமற் போனது. அந்தத் தாய் எம்மைக் குறை சொல்லவில்லை. குறை எம்முடையதுதான்.

ஆகவே கடிதத்துடன் வந்த தந்தையிடம், "நாளைக்கு ஒருக்கால் போய் நின்று பாருங்கோ" என்றோம். அவர் போய்ப் பார்த்தார். உடுப்பு மாற்றும் அறையைப் பார்த்துவிட்டு வந்து, "டொக்டர், எனக்கே ஓடவேணும் போல இருந்தது" என்றார். பிறகு பேபேதே வந்தது, படங்கள் சுவரில் ஏறின, ரயில் பாதை கட்ட ஒரு நண்பனும் சேர்ந்தான்.

ஓராண்டின் பின் அந்தப் பையன் மீண்டும் எமது அறைக்கு வந்தான். இன்னமும் அதிகம் பேசமாட்டான். கூட்டமான இடம் இன்னமும் அவனுக்குக் கஷ்டம். ஆனால் கையிலிருந்த சிவப்புக் காரை உயர்த்திக் காட்டிவிட்டு எமது முகத்தைப் பார்த்தான். அன்று முதல்முறையாக அந்தத் தாய்தான் பேசினார். "வீட்டிலயும் இப்ப இப்பிடித்தான் டொக்டர், கொண்டுவந்து காட்டுறான்" என்றார்.